ஒரு புகைக்குழாயின் கதை

வாங்கிய மூன்றாவது மாதம் என் ஆர்எக்ஸ் 100இன் சைலன்சரைக் கழற்றிவிட்டு, கடையில் கிடைத்த ஒரு வெற்றுக் குழாயை மாட்டினேன். சத்தத்தில் தெருவே எழுந்துகொண்டது. வண்டிதான் எழவில்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது ஒரு கட்டத்தில் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிடுவது மாதிரி வருமே ஓர் உதை, அது காணாமல் போயிருந்தது. மெக்கானிக் அண்ணன் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்: "சைலன்சர மாத்திட்டீங்களா தம்பி? இந்த வண்டிக்கு பாதி இன்ஜினே அங்கதான இருக்கு."

நான் பொறியியல் படித்தவன். அவர் ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் தேடிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, அவர் சொன்னதில் மிகை எதுவுமே இல்லை.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருப்பது போன்ற வால்வுகள் கிடையாது. சிலிண்டர் சுவரில் துளைகள் இருக்கும். பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதுவே அவற்றைத் திறந்து மூடும். எளிமையான, மலிவான ஏற்பாடு. ஆனால் ஒரு சனியன் உண்டு. எரிந்த புகை வெளியேறும் துளையும், புது பெட்ரோல் கலவை உள்ளே வரும் துளையும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். வந்த கலவையில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு ஓடிவிடும். வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் திறந்துவைத்துவிட்டு நடுக்கூடத்தில் ஏசி போடுவது மாதிரி.

இதற்கான தீர்வு இன்ஜினுக்கு வெளியே இருந்தது. புகைக்குழாயை முதலில் கூம்பாக விரித்து, பிறகு எதிர்க்கூம்பாகக் குறுக்க வேண்டும். துளை திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை விரியும் பகுதிக்கு வரும்போது, ஓர் உறிஞ்சு அலை சிலிண்டரை நோக்கித் திரும்புகிறது. அது மிச்சப் புகையை வெளியே இழுத்து, புதுக் கலவையை உள்ளே வரவைக்கிறது. குறுகும் பகுதியில் மோதித் திரும்புவது அழுத்த அலை. தப்பி ஓடிய கலவையைத் துளை மூடுவதற்குச் சற்று முன்னால் அது பிடித்து உள்ளே தள்ளிவிடுகிறது. பிஸ்டனால் முடியாததைச் சத்தம் செய்கிறது! குழாயின் நீளம் மாறாது என்பதால் குறிப்பிட்ட வேகச் சுற்றில்தான் இந்தக் கணக்கு பொருந்தும். பொருந்தும் அந்த நொடியில் வருவதுதான் அந்த உதை. ஆர்எக்ஸின் சைலன்சர் பந்தய வண்டிகளின் குழாயைப் போல வயிறு வீங்கித் தெரியாது. ஆனால் அதே கணக்கின் அடக்கமான வடிவம்தான். நான் கழற்றி எறிந்தது அதைத்தான்.

இந்தக் கணக்கை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஜப்பானியர் அல்ல. கிழக்கு ஜெர்மனியில் ச்சோபாவ் என்றொரு சிறிய ஊர். போருக்கு முன் அங்கே டிகேடபிள்யூ நிறுவனம் டூ ஸ்ட்ரோக் பைக்குகளை ஏராளமாகச் செய்துவந்தது. அதன் ஆர்டி 125 என்ற வண்டியின் வரைபடங்கள் போருக்குப் பின் இழப்பீடாக வெற்றி பெற்ற நாடுகளுக்குப் போயின. பிரிட்டனில் அது பிஎஸ்ஏ பேண்டம் ஆனது. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனும் அதே வண்டியைச் செய்தது. ஆர்மோனியமும் பியானோவும் செய்துகொண்டிருந்த யமஹா 1955இல் தன் முதல் பைக்கைச் செய்தபோது அதுவும் இந்த ஆர்டி 125ஐப் பார்த்துச் செய்ததுதான். ஒய்ஏ-1 என்று பெயர், செல்லப்பெயர் செந்தும்பி.

போருக்குப் பின் ச்சோபாவ் தொழிற்சாலை எம்இஸட் ஆனது. அதன் பந்தயப் பிரிவுக்கு 1953இல் பொறுப்பேற்றவர் வால்டர் காடன். போர்க்காலத்தில் பீனமுண்டேயில் ஆயுத ஆராய்ச்சியில் இருந்தவர். வி-1 பறக்கும் குண்டின் இன்ஜினிலிருந்துதான் புகைக்குழாய் வித்தையைக் கற்றார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் அங்கே வேலை பார்த்தது எச்எஸ் 293 என்ற வேறொரு குண்டில். அந்தக் கதையை விட எனக்குப் பிடித்தது, அவர் ஆசிலாஸ்கோப் வைத்துக் குழாய்க்குள் அலைகள் எப்படி ஓடுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பது. பணம் இல்லை, நல்ல உலோகம் இல்லை, அந்நியச் செலாவணி இல்லை. 1961இல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டருக்கு 200. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்த ஆர்எக்ஸ் 100 தந்தது 98 சிசியில் 11. கடை வண்டியைப் பந்தய வண்டியோடு ஒப்பிடுவது நியாயமில்லைதான். இருந்தாலும் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அதே காலத்தில் ஜப்பானின் ஹமமட்சு நகரில் சுஸுகி தவித்துக்கொண்டிருந்தது. நெசவுத்தறி செய்து தொடங்கிய கம்பெனி அது. அதே ஊர்ப்பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஹோண்டா ஃபோர் ஸ்ட்ரோக்கில் உலகப் பந்தயங்களில் ஓடிக்கொண்டிருக்க, டூ ஸ்ட்ரோக்கை நம்பிய சுஸுகி 1960இல் ஐல் ஆஃப் மேன் தீவுக்குப் போய் 125 சிசி பிரிவில் பதினைந்தாம் இடத்துக்கு மேல் வர முடியாமல் திரும்பியது. எம்இஸட் குழுவும் சுஸுகி குழுவும் அங்கே தங்கியது ஒரே விடுதியில். எம்இஸட்டின் முதன்மை ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர், தானே பொறியாளரும்கூட. காடனின் கணக்குகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

1961 ஆகஸ்ட் 13 அன்று பெர்லினில் சுவர் எழும்பத் தொடங்கியது. செப்டம்பரில் ஸ்வீடன் பந்தயம். உலகப் பட்டம் டெக்னரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பந்தயத்தில் அவருடைய இன்ஜின் உடைந்து நின்றது. அதே வாரக்கடைசியில் அவர் மனைவியும் குழந்தைகளும் ஒரு காரின் டிக்கிக்குள் ஒளிந்து மேற்கு ஜெர்மனிக்குள் போயிருந்தார்கள். பிள்ளைகள் அழுதுவிடாமல் இருக்கத் தூக்க மருந்து கொடுத்திருந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. டெக்னர் ஸ்வீடனிலிருந்து அப்படியே எல்லை தாண்டினார். சில வாரங்களில் ஹமமட்சுவில் இருந்தார். 1962இல் சுஸுகியின் 50 சிசி வண்டியில் ஐல் ஆஃப் மேனிலும் வென்றார், உலகப் பட்டமும் வென்றார். டூ ஸ்ட்ரோக் வென்ற முதல் உலகப் பட்டம் அது. 1964இல் யமஹா 250 சிசி பட்டத்தை எடுத்தது. 1975 முதல் 2001 வரை 500 சிசி பட்டம் வென்ற வண்டிகள் அத்தனையும் டூ ஸ்ட்ரோக்தான்.

திருட்டா இது? திருட்டுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆர்டி 125இன் வரைபடங்களை வென்றவர்கள் அள்ளிக்கொண்டு போனதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை, இழப்பீடு என்கிறார்கள். டெக்னர் செய்தது மட்டும் துரோகம். நாங்கள் ஐடியில் வேலை மாறும்போது லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கிறோம், காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறோம். தலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வர முடியுமா? டெக்னர் கொண்டுபோனதில் பெரும்பகுதி தலைக்குள் இருந்ததாகத்தான் இருக்கும். அந்தத் தலைக்குக் கிடைத்த விலைதான் கொடுமை. 1963இல் சுஸுகா பந்தயத்தில் வண்டி தீப்பிடித்து உடலும் முகமும் கருகின. பல அறுவைச் சிகிச்சைகள். 1983இல், 51 வயதில், டெனரிஃப் தீவில் இறந்தார். சுஸுகா ஓடுதளத்தில் ஒரு வளைவுக்கு இன்னமும் அவர் பெயர். காடன் தன் ஊரை விட்டுப் போகவில்லை. அவர் கண்டறிந்ததை வைத்து உலகம் சம்பாதித்ததில் அவருக்குப் பங்கு எதுவும் வரவில்லை.

அந்தக் கணக்கு நம்மிடம் வந்தது எண்பதுகளில். 1983இல் எஸ்கார்ட்ஸ், யமஹா ஆர்டி 350ஐ ராஜ்தூத் என்ற பெயரில் ஃபரீதாபாத்தில் செய்தது. 1984இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுஸுகி ஏஎக்ஸ் 100 வந்தது. 1985இல் ஆர்எக்ஸ் 100. எங்கள் மாமாவிடம் இருந்தது ஏஎக்ஸ். "ஜப்பான்காரன் மூளை மாப்ள" என்று டேங்கைத் தட்டிக்காட்டுவார். ச்சோபாவ் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். பிறகு மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகின. அதே பழைய திறந்த கதவுச் சிக்கல்தான் இந்த வண்டிகளை முடித்தது. காடனின் குழாய் அந்தக் கசிவைக் குறைத்ததே தவிர ஒழிக்கவில்லை. ஆர்எக்ஸ் 1996இல் நின்றது, காடன் இறந்த அதே ஆண்டில். இன்று நன்றாகப் பராமரித்த ஒன்றை லட்சத்துக்கும் மேல் கொடுத்து வாங்குகிறார்கள். வாங்குகிறவர்களில் பலர் 1996இல் பிறந்தேகூட இருக்க மாட்டார்கள்.

மெக்கானிக் அண்ணன் இரண்டு வாரம் கழித்து ஒரு பழைய கம்பெனி சைலன்சரோடு கூப்பிட்டார். உள்ளே பல வருடக் கரி. அடுப்பில் காட்டுகிற மாதிரி அதை நெருப்பில் வைத்துச் சுட்டு, தட்டித் தட்டி உதிர்த்து மாட்டினார். பைபாஸில் மூன்றாவது கியரில் முறுக்கினேன். முதலில் ஒன்றுமில்லை, வெறும் உறுமல். அப்புறம் சத்தத்தின் சுருதி மாறியது, முன்சக்கரம் லேசானது. கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த பெண் நீலப் புகைக்குள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.