கச்சேரிக்குப் போனவர்கள்

நூற்றைம்பது ஆண்டுக்கு முன் திருச்சிராப்பள்ளியில் ஒருவர் ‘கச்சேரிக்குப் போகிறேன்’ என்று கிளம்பினால், கையில் வழக்குக் கட்டோ வரி ரசீதோ இருந்திருக்கும். தாலுகா கச்சேரி, கலெக்டர் கச்சேரி என்பதெல்லாம் அரசாங்கம் உட்கார்ந்திருந்த இடங்கள். இன்று அதே வாக்கியத்தை ஸ்ரீரங்கத்தில் சொன்னால், ‘யார் பாட்டு?’ என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

சொல் வடக்கிலிருந்து வந்தது. இந்தியில் ‘கச்சஹரி’ என்றால் நீதிமன்றம். மராத்தியில் ‘கசேரி’ என்றால் அலுவலகம். நம் வாயில் உள்ள வடிவம் மராத்திக்கே நெருக்கம். 1670கள் முதல் 1855 வரை தஞ்சையில் மராத்திய அரசர்கள் இருந்ததை நினைத்தால், சொல் அந்த வழியாக வந்திருக்கும் என்று கொள்வதே எனக்கு இயல்பாகப் படுகிறது. யாழ்ப்பாணத்தில் மாவட்டச் செயலகம் நெடுங்காலமாகக் கச்சேரிதான். கன்னடத்தில் அலுவலகப் பெயர்ப்பலகையிலும் அதே சொல், பாட்டுக்கும் அதே சொல். சென்னை மயிலாப்பூரின் கச்சேரி சாலையை இசை விழாவோடு சேர்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு. அந்தப் பெயர் அரசாங்கக் கச்சேரியால் வந்தது.

அலுவலகம் எப்படிப் பாட்டானது? அரசவையில் வித்வான்கள் பாடினார்கள், அதனால் அவையின் பெயரே பாட்டுக்கும் ஏறியது என்பது வழக்கமான விளக்கம். அதில் பாதிதான் சரி. மீதிப் பாதிக்கு அரண்மனை வேண்டாம், திண்ணை போதும். அரட்டைக் கச்சேரி, சீட்டுக் கச்சேரி என்கிறோமே, அங்கே ராஜாவும் இல்லை, மிருதங்கமும் இல்லை. நாலு பேர் கூடி உட்கார்ந்துவிட்டார்கள், இப்போதைக்கு எழுந்திருப்பதாக இல்லை, அவ்வளவுதான். அலுவலகத்துக்கும் பாட்டுக்கும் நடுவே இந்தச் சொல்லுக்கு ‘கூடி அமர்தல்’ என்று ஒரு பொருள் இருந்திருக்கிறது. அது இந்த இரண்டு தொடர்களிலும் இன்னும் உயிரோடிருக்கிறது.

இப்படி இடம் மாறிய இன்னொரு சொல் ‘கொலு’. மலைக்கோட்டைக்கு அருகே சொக்கநாத நாயக்கர் கட்டிய கொலுமண்டபம் இருக்கிறது. ராணி மங்கம்மாள் மகால் என்று அழைக்கப்படும் அதில் இன்று அரசு அருங்காட்சியகம். அங்கே கொலு என்றால் அரசன் வீற்றிருப்பது. அதே சொல் நவராத்திரிப் படிகளில் பொம்மைகளோடு ஏறிக்கொண்டது. அதன் முன்னாலும் உட்கார்ந்து பாடத்தான் செய்கிறார்கள்.

இரண்டு கச்சேரிகளுக்கும் சொந்தக்காரர் ஒருவர் இந்தப் பக்கத்திலேயே பிறந்தார். திருச்சிக்கு அருகே குளத்தூரில் 1826இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை, திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக்காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, பிறகு முன்சீப்பு ஆனவர். பகலெல்லாம் கோப்புகளுடன் ஒரு கச்சேரியில் உட்கார்ந்த மனிதர், 1878இல் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ வெளியிட்டார். அந்தக் கீர்த்தனைகள் மற்றக் கச்சேரியில் இன்றும் பாடப்படுகின்றன.

1914இல் ரயில்வே அதிகாரி எஃப்.ஜி. நடேச ஐயர் திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கினார். அங்கே ஹரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக நின்ற சிறுவன்தான் பின்னாளில் எம்.கே. தியாகராஜ பாகவதர். அவருக்கும் இரண்டு கச்சேரிகள் வாய்த்தன. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இல் கைதாகி, மேல்முறையீடு லண்டன் வரை போய், 1947இல்தான் வெளியே வந்தார். பாகவதர் காலத்துப் பெரியவர்களிடம் அந்த வழக்கைப் பற்றிக் கேட்டால் இரண்டு வாக்கியம்தான் வரும். பாட்டைப் பற்றிக் கேட்டால் காபி ஆறிப்போகும்.

1939இல் திருச்சி வானொலி நிலையம் வந்தது. பாடகரும் பக்கவாத்தியமும் ஓர் அறைக்குள், கேட்பவர்கள் ஊர் முழுக்க அவரவர் வீட்டில். கூட்டம் கழன்றுவிட்டது, பெயர் மட்டும் பாட்டின் மேலேயே தங்கிவிட்டது. அரசாங்க இடங்களோ ஒவ்வொன்றாக ஆபீஸ், கோர்ட்டு, அலுவலகம் என்று மாறிக்கொண்டன. இசையரங்கு என்ற நல்ல தமிழ்ச்சொல் அழைப்பிதழ் வரை வந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது யாரும் அதைச் சொல்லவில்லை.

எங்கள் தலைமுறைக்குக் கச்சேரி என்றால் மாரியம்மன் திருவிழா. நோட்டீசில் ‘ஆர்கெஸ்ட்ரா’ என்று அச்சடித்திருப்பார்கள், தெருவுக்கு அது பாட்டுக் கச்சேரி. தெருவை அடைத்துப் பந்தல், சாயங்காலமே பாயை விரித்து இடம் பிடிக்கும் பாட்டிகள், பிடித்த பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பும் இளவட்டங்கள். டி.எம்.எஸ். குரலில் பாடுகிறவருக்கு ஒரு ரசிகர் கூட்டம், சுசீலா குரலில் பாடுகிறவருக்கு இன்னொன்று. நான் கேட்ட பாட்டு வந்ததே இல்லை. பாங்கோஸ் வாசிக்கிறவரை வாய் பிளந்து பார்த்ததில் அது பெரிய குறையாகத் தெரியவுமில்லை.

ஒன்று கவனிக்கலாம். ஸ்ரீரங்கம் கோயில் வழிபாட்டுக்குள் இந்தச் சொல் நுழையவில்லை. பகல்பத்து இராப்பத்தில் அரையர் பாசுரத்தை இசையோடும் அபிநயத்தோடும் விண்ணப்பிப்பது அரையர் சேவை; நின்றுகொண்டு செய்வது, பெருமாளுக்குச் செய்வது. புறப்பாட்டில் நடந்தபடி வாசிக்கும் நாதஸ்வரத்தையும் கச்சேரி என்பதில்லை, அது மேளம். அதே நாதஸ்வரம் மேடையில் அமர்ந்தால் கச்சேரி. ஸ்ரீரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானாவின் நாதஸ்வரத்தைச் சபாக்களில் கேட்டவர்கள் கச்சேரி கேட்டதாகத்தான் சொல்வார்கள்.

இப்போது திருச்சிக் கல்யாண மண்டபங்களில் வரவேற்புக்கு டிஜே வருகிறது. பாட்டு உண்டு, கூட்டம் உண்டு, சத்தம் கச்சேரியைவிடக் கூடுதல். ஆனாலும் ‘டிஜே கச்சேரி’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை, எல்லோரும் நின்று ஆடுகிறார்களே! முழங்கால் வலிக்காரர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் ஒதுங்குகிறார்கள். அங்கே நடப்பதற்குப் பெயர் அரட்டைக் கச்சேரி.