இனிப்பின்மேல் ஏற்றிய பழி

சிறுவர்க்கு நீரிழிவு வந்தால், இனிப்பைக் கொடுத்துக் கெடுத்தாள் என்று தாயைப் பழிப்போரை மதுரைப் பக்கத்துச் சிற்றூர்களில் நான் கண்டிருக்கிறேன். அப்பழி பொருந்தாதென்று வரலாறு கூறுகிறது.

1922-இல் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவனொருவன் முதன்முதலாக இன்சுலின் பெற்று உயிர் பிழைத்தான். மருந்து கிடைத்தது, காரணமோ மறைந்தே கிடந்தது. 1974-இல் இலண்டனில் பொட்டாசோ குழுவினர், நோயாளர் குருதியில் கணையத் திட்டுகளைப் பற்றும் எதிர்ப்பொருள்களைக் கண்டனர். அவ்வாண்டிலேயே டென்மார்க்கில் நெரூப் குழுவினர் எச்.எல்.ஏ. என்னும் மரபணுத் தொகுதிக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவை எடுத்துரைத்தனர்.

பகைப்பொருளை வெள்ளணுக்களுக்குக் காட்டிக் கொடுப்பது இத்தொகுதியின் தொழில். அதன் சில வகைகளைப் பெற்றோரிடம், காவலர்களான வெள்ளணுக்கள் கிளர்ந்தெழுந்து, இன்சுலின் சுரக்கும் செல்களையே அழித்துவிடும் வாய்ப்பு மிகுதி. நம் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளரும் தென்னாட்டு நோயாளரிடம் இவ்வுறவை ஆராய்ந்துள்ளனர்.

எனினும் மரபு தலையெழுத்தன்று. ஒரே கருவில் உதித்த இரட்டையருள் ஒருவர்க்கு இந்நோய் வந்தும் மற்றவர் தப்புவதுண்டு. ஆதலின், தாயைத் தூற்றுதலை விடுத்து, குழந்தைக்கு நாள்தோறும் இன்சுலின் தவறாது கிடைக்கச் செய்வதே நம் கடனாகும்.