பொருள் குவிப்புத் தடுப்பு வரி (உலோகங்கள்)

வெளிநாட்டு ஆலை தன் உள்நாட்டில் விற்கும் விலையைவிடக் குறைத்து ஏற்றுமதி செய்து, வாங்கும் நாட்டின் தொழிலுக்குச் சேதம் விளைவித்தால் விதிக்கப்படும் கூடுதல் இறக்குமதி வரி. மலிவாக விற்பது மட்டும் குற்றமல்ல. சேதமும் அதற்கான காரணத் தொடர்பும் நிரூபிக்கப்பட வேண்டும். இந்தியாவில் 1975ஆம் ஆண்டின் சுங்கத் தீர்வைச் சட்டம், பிரிவு 9ஏ இதற்கு அடிப்படை. வர்த்தக அமைச்சகத்தின் கீழுள்ள இயக்குநரகம் விசாரித்துப் பரிந்துரைக்கும். விதிப்பது நிதி அமைச்சகம். விலை வேறுபாடு, சேத அளவு இரண்டில் குறைவானதே வரியாகும். வழக்கமான ஆயுள் 5 ஆண்டுகள், மறுஆய்வில் நீளலாம்.

உருக்காலைக்குக் கவசமாகும் வரி, அதே உருக்கை வாங்கும் சிறு பட்டறைக்குச் சுமை. உலோக விலை ஏறியிருந்த 2022இல், பூச்சிட்ட எஃகுத் தகடுகள் உள்ளிட்ட சிலவற்றின் மீதான இவ்வரிகள் பொதுநலன் கருதி நீக்கப்படுவதாக மத்திய பட்ஜெட் அறிவித்தது.