தகரக் கொட்டகையில் ஒரு ஹெரால்டு

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, வைகைக் கரையைப் பார்த்துப் போற சந்து ஒண்ணுல எங்க அக்கா வீடு. கொல்லையில ஒரு தகரக் கொட்டகை. அதுக்குள்ள நாலு டயர்லயும் காத்து இல்லாம, முருங்கைச் சருகு மூடி, ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிக்குது. அத்தானோட அப்பா வாங்கின கார். அவரும் இல்ல, அத்தானும் இல்ல. கார் மட்டும் இருக்கு.

போன மாசம் காய்லாங்கடைக்காரர் ஒருத்தர் வந்து கிலோ கணக்குல விலை பேசிட்டுப் போயிட்டார். அக்காவுக்கு அரை மனசு. "இடத்த அடச்சுக்கிட்டு நிக்குதுடா தம்பி, பாம்பு வந்தா யாரு பாக்குறது" என்றார். அக்கா மகனுக்கோ அதை எப்படியாவது ஓட வைக்கணும். அமெரிக்காக்காரன் துருப்பிடிச்ச மசில் காரை வீட்டு ஷெட்ல வச்சு ரெண்டு வருசத்துல பளபளன்னு ஆக்குற வீடியோவா பாத்துத் தள்ளியிருக்கான். "மாமா, நம்ம மசில் கார் இதுதான்" என்கிறான்.

சிரிப்பு வந்துச்சு. மசில் கார்னு முதல்ல பேர் வாங்கினதுல முக்கியமானது 1964ல வந்த போண்டியாக் ஜிடிஓ. 6.4 லிட்டர் வி8 எஞ்சின், 325 குதிரைசக்தி. நம்ம ஹெரால்டு 948 சி.சி., சுமார் 35 குதிரைசக்தி. ஒன்பது ஹெரால்டைச் சேர்த்துக் கட்டினாத்தான் ஒரு ஜிடிஓ :-)

ஆனா பையன் சொன்னதுல ஒரு விஷயம் இருக்கு. வீட்டுக் கொல்லையில வச்சுப் பிரிச்சு மேயறதுக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு கார் இந்தியாவுல ஓடுச்சுன்னா அது ஹெரால்டுதான். அதுவும் நம்ம தமிழ்நாட்டுல செஞ்ச கார். அந்தக் கதையைத்தான் இன்னிக்குச் சொல்லலாம்னு இருக்கேன்.

கதை இங்கிலாந்துல கவென்ட்ரியில ஆரம்பிக்குது. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனிக்கு கார் பாடி செஞ்சு கொடுத்துட்டு இருந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனம். 1953ல அதைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிட்டாங்க. போட்டிக்காரனுக்கு யாராவது பாடி செஞ்சு கொடுப்பானா? மத்தவங்க எல்லாம் சேஸிஸும் பாடியும் ஒண்ணா இருக்கிற நவீன முறைக்குப் போயிட்டு இருந்த காலம் அது. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபுக்கு அந்த வழி அடைபட்டுப் போச்சு. வேற வழியில்லாம பழைய முறைக்கே திரும்பினாங்க. கீழே தனியா ஒரு சேஸிஸ். மேலே பாடியைத் துண்டு துண்டா, வேற வேற பட்டறையில செஞ்சு, போல்ட்டு போட்டு மாட்டிடறது. வடிவமைச்சுக் கொடுத்தவர் ஜியோவானி மிக்கலோட்டி என்ற இத்தாலிக்காரர். 1959 ஏப்ரல்ல ட்ரையம்ஃப் ஹெரால்டு வெளியே வந்துச்சு.

அன்னிக்கு வேற வழியில்லாம செஞ்ச வேலை, அறுபது வருசம் கழிச்சு ஆரப்பாளையத்துல ஒரு பையனுக்கு வசதியாப் போச்சு பாருங்க. முன்பக்க பானெட்டும் ரெண்டு மட்கார்டும் ஒரே துண்டு. அதை அப்படியே முன்பக்கமா சாய்ச்சுட்டா எஞ்சின், ரேடியேட்டர், முன் சக்கரத்து சஸ்பென்ஷன் எல்லாம் கண்ணு முன்னாடி. முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். குழி தோண்ட வேண்டாம், ராம்ப் வேண்டாம்.

இந்தியாவுக்கு எப்படி வந்துச்சு? 1948ல ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஆரம்பிச்சாங்க. தொழிற்சாலை சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம். முதல்ல வான்கார்டு, அப்புறம் ஸ்டாண்டர்டு 10. 1950கள்ல மத்திய அரசு, இங்கேயே உற்பத்தி பண்ற திட்டம் இல்லாதவங்க கடையைக் கட்டலாம்னு கொள்கை கொண்டு வந்ததும், ஜெனரல் மோட்டார்ஸ் மாதிரி பெரிய கம்பெனிகளே பம்பாய்ல மூடிட்டுக் கிளம்பிட்டாங்க. காருக்குன்னு மிச்சம் நின்னது முக்கியமா மூணு பேர். கல்கத்தா பக்கம் அம்பாஸடர் செஞ்ச ஹிந்துஸ்தான், பம்பாய்ல ஃபியட் செஞ்ச பிரிமியர், நம்ம ஊர்ல ஸ்டாண்டர்டு.

1961ல இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்துச்சு. இங்கிலாந்துல 'ஸ்டாண்டர்டு'ங்கிற பேருக்கு 'சாதாரணம்'னு அர்த்தம் ஏறிப்போய், 1963க்கு அப்புறம் அந்தப் பேர்ல அங்கே காரே வரல. இங்கே அந்தப் பேர் 1988 வரைக்கும் தாக்குப் பிடிச்சுது. நம்ம ரோட்டுக்குத் தக்கபடி சஸ்பென்ஷனைக் கெட்டியாக்கி, கொஞ்சம் உயரத்தையும் கூட்டிக் கொடுத்தாங்க. இங்கிலாந்துல ஹெரால்டுக்கு அப்புறம் பெரிய எஞ்சின் எல்லாம் வந்துச்சு. இங்கே கடைசி வரைக்கும் அதே 948 சி.சி.தான். ஆனா ஒண்ணு, இங்கிலாந்துல ஹெரால்டுக்கு ரெண்டு கதவுதான். பின்சீட்டுக்குப் போகணும்னா முன்சீட்டை மடக்கணும். பட்டுப்புடவை கட்டின ஆச்சி கல்யாணத்துக்குப் போறப்ப அப்படி மடங்கி ஏறுவாங்களா? 1960களின் கடைசியில நம்ம ஆளுங்க நாலு கதவு ஹெரால்டு செஞ்சாங்க. அது இந்தியாவுல மட்டுமே உண்டு. அக்கா வீட்டுல நிக்கிறது அந்த நாலு கதவு.

ஹெரால்டோட பலவீனம் பின்சக்கரம். ரெண்டு பக்கமும் தனித்தனியா ஆடற ஸ்விங் ஆக்ஸில். வளைவுல வேகமாத் திருப்பினா பின்சக்கரம் உள்பக்கமா மடங்கப் பார்க்கும். நம்ம மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கல, வாங்கினவங்களுக்கும் பிடிக்கல. 1970களின் தொடக்கத்துல கெஸல்னு ஒரு கார் கொண்டு வந்தாங்க. எஞ்சின் அதேதான். பின்னால மட்டும் எல்லாருக்கும் பழக்கமான நேர் ஆக்ஸில். ஆனா காலம் சரியில்ல. 1969லயே அரசு கார் விலைக்குக் கட்டுப்பாடு போட்டு, கம்பெனிகள் உச்சநீதிமன்றம் வரைக்கும் போயிருந்தாங்க. 1973ல பெட்ரோல் நெருக்கடி வேற. அந்த நெருக்கடி அமெரிக்காவுல மசில் காரை எல்லாம் ஓரங்கட்டின மாதிரி, இங்கே சின்ன காரையும் விட்டு வைக்கல. 1977ல கெஸல் நின்னுச்சு.

கடைசி முயற்சி 1985ல. ஸ்டாண்டர்டு 2000. பிரிட்டன்ல ரோவர் எஸ்டி1னு ஓடின அழகான காரோட உடம்பு. உள்ளே பழைய வான்கார்டு காலத்து எஞ்சினைத் தழுவின 1991 சி.சி. எஞ்சின். விலை அதிகம், பெட்ரோலும் குடிக்கும். மாருதி 800 வந்து ரெண்டு வருசம் ஆகியிருந்த நேரம். யார் வாங்குவா? 1988ல எல்லாம் முடிஞ்சு போச்சு. பூட்டிக் கிடந்த தொழிற்சாலையை 2006ல கோர்ட் உத்தரவுப்படி ஏலம் விட்டு இடிச்சாங்க. ஹெரால்டு பொறந்த வீடு இன்னிக்கு இல்ல.

சரி, மதுரைக்கு வருவோம். இந்த மாதிரி காரைத் திரும்ப ஓட வைக்க மதுரை மோசமான ஊர் இல்ல. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911ல தொடங்கின டி.வி.எஸ். இங்கேதான் வேரூன்றி வளர்ந்துச்சு. அவங்க பஸ்ஸுங்க நேரம் தவறாம ஓடும்னும், ரோட்டுல கிடக்கிற ஆணியைப் பொறுக்கக் காந்தம் கட்டின வண்டி விடுவாங்கன்னும் பெரியவங்க இப்பவும் சொல்வாங்க. 1972ல பஸ்ஸெல்லாம் அரசுடைமை ஆகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆச்சு. அந்த ஒர்க்ஷாப் பழக்கம் மட்டும் ஊருக்குள்ள தங்கிருச்சு. லேத், டிங்கரிங், ரேடியேட்டர் ஈயம் பத்துறது, எல்லாத்துக்கும் இன்னமும் ஆள் இருக்கு. ஃபேன் பெல்ட் வேணுமா? ஆரப்பாளையத்துக்கு அடுத்தாப்புல கோச்சடையிலதான் ஃபென்னர் தொழிற்சாலையே. இன்னொண்ணு, சென்னை மாதிரி உப்புக் காத்து இங்க கிடையாது. துரு பிடிச்சிருக்கு, ஆனா அரிச்சுத் தின்னுடல.

போன ஞாயித்துக்கிழமை தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனேன். எழுபது வயசுக்கு மேல. பையன் முதல்ல காட்டினது கதவுக்குக் கீழே பெயர்ந்து கிடந்த தகரத்தை. அவர் அதைத் திரும்பிக்கூடப் பாக்கல. "அது கெடக்கட்டும் தம்பி, அடியில குனி" என்றார். கையில ஒரு ஸ்க்ரூ டிரைவர். சேஸிஸ்ல இருந்து ரெண்டு பக்கமும் கை மாதிரி நீளுற இரும்பு இருக்குல்ல, அதைக் குத்திக் குத்திப் பார்த்தார். காரோட பலம் சேஸிஸ்லதான் இருக்கு. மேல் தகரம் ஓட்டை விழுந்தா வெட்டி ஒட்டிக்கலாம். சேஸிஸ்ல ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போச்சுன்னா யோசிக்கணும். ரெண்டு இடத்துல உள்ளே போச்சு. மத்த இடமெல்லாம் டங் டங்குனு சத்தம். "பத்த வச்சுரலாம்" என்றார்.

அடுத்து முன்சக்கரம். ஹெரால்டுல சக்கரம் திரும்பறதுக்கு அடியில ட்ரூனியன்னு ஒரு பித்தளைத் துண்டு இருக்கும். அதுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கெட்டி கியர் ஆயில்தான் விடணும். பலபேர் கிரீஸ் அடிச்சே கெடுத்துருவாங்க. உள்ளே தண்ணி இறங்கி, துருப்பிடிச்சு, ஒருநாள் ஓடிட்டு இருக்கிறப்பவே உடைஞ்சு சக்கரம் மடங்கிரும். பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி மாத்த வேண்டியது அதுதானாம். அப்புறம் பிரேக். அப்புறம் பெட்ரோல் ட்யூப். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதுக்குத் தாங்காது. 2000த்துல ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தினதுல இருந்து பழைய இரும்பு ஹெட் எஞ்சின்களுக்கு வால்வு உக்கார்ற இடம் தேயற பிரச்சினை வேற. லேத்துல கெட்டியான சீட் போட்டுக்கணும். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலதுல பேட்டரியோட பாசிட்டிவ் பக்கம் எர்த். பாக்காம மாட்டினா ஒயர் புகையும்.

இதெல்லாம் புத்தகத்துலயும் கிடைக்கும்தான். ஆனா ஸ்க்ரூ டிரைவர் சத்தத்தை வச்சே இரும்பு எவ்வளவு மிச்சம்னு சொல்ற காது புத்தகத்துல வராது. அந்த மாதிரி காது உள்ளவங்க இன்னும் எத்தனை பேர் மிச்சம்? கார் இன்னும் பத்து வருசம் கொட்டகையில நின்னாக்கூட நிக்கும். அவருக்கு அவ்வளவு வருசம் இருக்கான்னு அவரே கேட்டுச் சிரிச்சார்.

நடுவுல பையன் ஒரு ஐடியா சொன்னான். "எதுக்கு இவ்வளவு கஷ்டம்? பழைய மாருதி எஞ்சினைத் தூக்கி வச்சுட்டா?" அங்கேதான் சட்டம் நிக்குது. 2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்தாங்க. 50 வருசத்துக்கு மேல ஆன வண்டியா இருக்கணும். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதையும் பெருசா மாத்தியிருக்கக் கூடாது. பதிவுக்கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருசத்துக்கு. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு ஓட்டலாம். தினமும் கடைக்குப் போக வர ஓட்ட முடியாது. கணக்குப் பார்த்தா ஹெரால்டு எல்லாமே இப்ப 50 தாண்டியாச்சு. கடைசி கெஸலும் 2027ல தாண்டிரும். எஞ்சினை மாத்தினா இந்தச் சலுகை போயிரும்.

சாதாரண வழியில எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம். ஆனா 20 வருசம் தாண்டின காருக்கு 2025 ஆகஸ்ட்ல இருந்து கட்டணம் 10,000 ரூபாய், அதுவும் அஞ்சு வருசத்துக்குத்தான்.

இதுக்கெல்லாம் முன்னாடி இன்னொரு முடிச்சு. ஆர்.சி. இன்னும் அத்தானோட அப்பா பேர்லயே இருக்கு. உரிமையாளர் இறந்தா மூணு மாசத்துக்குள்ள வாரிசு பேருக்கு மாத்த மனு கொடுக்கணும், படிவம் 31. இங்கே ரெண்டு தலைமுறை தாண்டியாச்சு. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சென்னையில இருக்கிற அத்தை கையெழுத்துன்னு ஒரு லிஸ்ட் போட்டு வச்சிருக்கோம். உங்க வீட்லயும் இப்படி ஒரு வண்டி நின்னா, ஸ்பேனரைத் தொடறதுக்கு முன்னாடி இந்தப் பேப்பரைத் தேடுங்க. பெயிண்ட் வரைக்கும் செலவு பண்ணிட்டு அப்புறம் பேர் மாத்த முடியாம முழிக்கிறவங்க உண்டு.

அக்கா எல்லாத்தையும் கேட்டுட்டு உட்கார்ந்திருந்தார். காய்லாங்கடைக்காரர் கணக்குல அது கிட்டத்தட்ட 800 கிலோ இரும்பு. அவ்வளவுதான். "உங்க அத்தான் இதுலதான் என்னைய கல்யாணம் முடிஞ்சு கூட்டியாந்தாரு. திருப்பரங்குன்றத்துல இருந்து வாரப்ப வழியில ரேடியேட்டர் கொதிச்சு நின்னுபோச்சு. மாமனார் குடத்த தூக்கிட்டு தண்ணிக்கு ஓடுனாரு" என்றார். இந்தக் கதையை அக்கா மகன் இதுவரை கேட்டதே இல்லையாம்.

மெக்கானிக் கிளம்பறதுக்கு முன்னால நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி, ஒவ்வொரு துளையிலயும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊத்தினார். "ஒரு வாரம் ஊறட்டும். ஸ்டார்ட்டர் எல்லாம் போட்டுறாதீங்க, கையாலதான் சுத்திப் பாக்கணும். சுத்துச்சுன்னா ரிங் தப்பிச்சுது. சுத்தலைன்னா எஞ்சினை இறக்கணும், வேற ஒண்ணுமில்ல."

நேத்து ராத்திரி அக்கா மகன் போன் பண்ணான். ஸ்பேனரை மாட்டி இழுத்திருக்கான். மொதல்ல அசையல. ரெண்டாவது தடவை கால் சுத்து சுத்தியிருக்கு.

காய்லாங்கடைக்காரர்கிட்ட வேண்டாம்னு அக்காவே சொல்லிட்டாங்களாம்.

பி.கு.: கொட்டகையைச் சுத்தம் பண்ணப்ப பாம்பு எதுவும் வரல. டிக்கியில எலிக்கூடு ஒண்ணு, 1980கள்ல போட்ட பெட்ரோல் பில் ரெண்டு. பில்லைப் பத்திரமா எடுத்து வச்சாச்சு.