ஒன்றுக்கு இரண்டு, இரண்டரை, ஆறு

ஒரு நீலத் திமிங்கலம் இரண்டு ஃபின் திமிங்கலங்களுக்குச் சமம். இரண்டரை கூன்முதுகுத் திமிங்கலங்களுக்குச் சமம். ஆறு சேய் திமிங்கலங்களுக்குச் சமம். (‘சேய்’ என்று தமிழில் ஒலிப்பது தற்செயல்தான். நார்வேக்காரர்கள் ஒரு மீனின் பெயரிலிருந்து எடுத்து வைத்த பெயர் அது.) இதற்கு ‘நீலத் திமிங்கல அலகு’ என்று பெயர். 1972 வரை அண்டார்டிக் கடலில் எத்தனை திமிங்கலங்களைக் கொல்லலாம் என்பதை உலகம் இந்த அலகில்தான் எண்ணியது.

சமன்பாடு எதை வைத்து என்று கேட்டால், எண்ணெய். ஒரு நீலத் திமிங்கலத்தை உருக்கினால் கிடைக்கும் எண்ணெய்க்கு எத்தனை ஃபின், எத்தனை சேய் தேவை என்பதே கணக்கு. 1930களில் எண்ணெய் விலை விழுந்தபோது உற்பத்தியைக் கட்டுப்படுத்த நார்வே, பிரிட்டன் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட அளவுகோல். அதாவது இது பீப்பாயை எண்ண உருவானது. பிறகு அதையே உயிரை எண்ணவும் வைத்துக்கொண்டார்கள்.

1946 டிசம்பரில் வாஷிங்டனில் 15 நாடுகள் சேர்ந்து திமிங்கல வேட்டையை ஒழுங்குபடுத்தும் சர்வதேச உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன் முன்னுரை இரண்டு நோக்கங்களை ஒரே மூச்சில் சொல்கிறது: திமிங்கல வளத்தைப் பாதுகாக்க வேண்டும், அதன் மூலம் திமிங்கலத் தொழில் சீராக வளர வழிசெய்ய வேண்டும். பிற்காலச் சண்டைகள் எல்லாமே இந்த ஒரு வாக்கியத்தின் எந்தப் பாதி பெரியது என்பதைப் பற்றியவைதான். ஜப்பான் இன்றுவரை இரண்டாம் பாதியைத்தான் சுட்டிக்காட்டுகிறது. அது தவறான வாசிப்பும் அல்ல.

அண்டார்டிக்கிற்கு ஒரு பருவத்துக்கு 16,000 அலகுகள் என்று வரம்பு வைத்தார்கள். போருக்கு முந்தைய பிடிப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு என்ற உத்தேசம், அவ்வளவுதான். இந்த வரம்பு எந்த நாட்டுக்கும் பிரித்துக் கொடுக்கப்படவில்லை. எல்லோருக்கும் சேர்த்து ஒரே குண்டான். யார் முதலில் கரண்டியை விடுகிறாரோ அவருக்கு. பருவம் தொடங்கிய நாளிலிருந்து கப்பல்கள் ஓட்டப்பந்தயம் ஓடின. ‘திமிங்கல ஒலிம்பிக்’ என்று அந்தக் காலத்திலேயே கிண்டலாகச் சொன்னார்கள். ஒவ்வொரு கம்பெனியும் இன்னும் வேகமான படகு, இன்னும் பெரிய தாய்க்கப்பல் என்று பணத்தைக் கொட்டியது. கொட்டிய பணத்தை எடுக்க இன்னும் பிடிக்க வேண்டியிருந்தது.

அலகின் உண்மையான விஷம் வேறு இடத்தில் இருந்தது. ஒரே ஹார்ப்பூன் குண்டு. அதை ஃபின் மீது செலவழித்தால் அரை அலகு, நீலத்தின் மீது செலவழித்தால் ஓர் அலகு. எந்த வேட்டைக்காரன் ஃபின்னைக் குறிவைப்பான்? நீலத் திமிங்கலங்கள் அரிதாகிவிட்டால் வேட்டை தானாக நின்றுவிடும், கட்டுப்படியாகாது என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். ஆனால் பயணச் செலவை ஃபின் கொடுத்துவிடுகிறது. வழியில் ஒரு நீலம் கண்ணில் பட்டால் அது லாபம். ஆகவே கடைசி நீலத் திமிங்கலம் வரை சுடுவது கட்டுப்படியாகும். வரம்புக்குள் நின்று, சட்டத்தை மீறாமலே, ஓர் இனத்தை முடித்துவிடலாம். அண்டார்டிக் நீலத் திமிங்கலங்கள் வேட்டைக்கு முன் சுமார் 2,39,000 இருந்ததாகவும், 1973 வாக்கில் சுமார் 360 மட்டுமே எஞ்சியதாகவும் பிற்கால ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. மென்பொருள் வேலையில் டாஷ்போர்டில் ஓர் எண்ணைப் பச்சையாக வைத்திருக்க மொத்த டீமும் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எண் பச்சையாகத்தான் இருக்கும்.

இதை யாரும் கவனிக்காமல் இல்லை. 1960இல் திமிங்கல ஆணையம் வேட்டை நாடுகளைச் சாராத மூன்று ஆட்களைக் கூப்பிட்டது. நியூசிலாந்தின் கே. ராட்வே ஆலன், அமெரிக்காவின் டக்ளஸ் சாப்மன், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் சிட்னி ஹோல்ட். பின்னர் ஜான் கல்லண்டும் சேர்ந்தார். மீன் வளத்தைக் கணிதத்தால் அளக்கத் தெரிந்தவர்கள். நீலத்தையும் கூன்முதுகையும் தொடவே கூடாது, ஃபின்னைக் கடுமையாகக் குறைக்க வேண்டும், இந்த அலகையே தூக்கி எறிய வேண்டும் என்றார்கள். 1963இல் ஆணையம் 10,000 அலகுகள் என்று வரம்பு வைத்தது. விஞ்ஞானிகள் சண்டை போடவில்லை, ஒரு கணிப்பை மட்டும் முன்வைத்தார்கள்: நீங்கள் 10,000 என்று அனுமதித்தாலும் கடலில் அவ்வளவு இல்லை, சுமார் 8,500 அலகுதான் கிடைக்கும், அதில் ஃபின் 14,000 இருக்கும்.

பருவம் முடிந்து கணக்கு வந்தது. 8,429 அலகு. ஃபின் 13,870.

ஒரு மாடல் இவ்வளவு துல்லியமாக வேலை செய்ததில் சந்தோஷப்பட முடியாத தருணம் அது. அதற்குப் பிறகும் ஆணையம் உடனே திருந்திவிடவில்லை. திருந்தச் சொல்ல அதற்கு அதிகாரமும் இல்லை. எந்த முடிவு பிடிக்கவில்லையோ அதற்கு ஓர் உறுப்பு நாடு 90 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவித்தால் போதும், அந்த முடிவு அதைக் கட்டுப்படுத்தாது. கப்பலில் கண்காணிப்பாளர் இருந்தார், ஆனால் அவர் அந்தக் கப்பலின் நாட்டுக்காரரே.

அந்தக் கடைசி ஓட்டை எவ்வளவு பெரியது என்பது 1993க்குப் பிறகுதான் வெளியே வந்தது. சோவியத் யூனியன் இல்லாமல் போயிருந்தது. உயிரியலாளரும் யெல்ட்சினின் சூழலியல் ஆலோசகருமான அலெக்ஸி யாப்லகோவ், சோவியத் கப்பல்கள் பல பத்தாண்டுகளாக இரண்டு கணக்குகள் வைத்திருந்ததாக அறிவித்தார். ஒன்று ஆணையத்துக்கு, மற்றொன்று மாஸ்கோவுக்கு. தென் அரைக்கோளத்தில் கொன்றதாகக் காட்டிய கூன்முதுகுத் திமிங்கலங்கள் 2,710. உண்மையில் கொன்றவை 48,000க்கும் மேல். 1959-60, 1960-61 ஆகிய இரண்டே பருவங்களில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குத் தெற்கே சுமார் 25,000. எல்லா இனங்களையும் எல்லாக் கடல்களையும் சேர்த்தால் மறைத்தவை மட்டும் சுமார் 1,80,000.

ஏன்? சோவியத் மக்கள் திமிங்கல இறைச்சியை விரும்பிச் சாப்பிட்டவர்கள் இல்லை. பசியும் காரணமில்லை. திட்ட இலக்கு. கப்பல் தன் இலக்கைத் தாண்டினால் போனஸ், பதக்கம், அடுத்த ஆண்டு அதைவிட உயர்ந்த இலக்கு. இலக்கு எடையிலும் எண்ணிக்கையிலும் இருந்ததால், கொன்றவற்றில் நல்ல பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கடலில் தள்ளிவிட்டதும் நடந்தது. கப்பலில் இருந்த விஞ்ஞானிகள் உண்மையான எண்களைப் பதிந்தார்கள், அவை ரகசியமாகப் பூட்டப்பட்டன. அழிக்கச் சொன்ன பதிவுகளை அழிக்காமல் காப்பாற்றியவர்களும் இருந்தார்கள். திமித்ரி தொர்மோசவ் என்ற ஆய்வாளர் ஆயிரக்கணக்கான பிடிப்பு அட்டைகளைத் தன் வீட்டில் உருளைக்கிழங்கு சேமிக்கும் இடத்தில் பதுக்கி வைத்திருந்தார். இன்று கூன்முதுகுகள் ஏன் சில கடல்களில் மீளவில்லை, சிலவற்றில் மீண்டன என்று கணக்கிட முடிவதற்கு அந்த உருளைக்கிழங்குக் கிடங்கும் ஒரு காரணம். எனக்கு இந்த மொத்த வரலாற்றிலும் மிகப் பிடித்த மனிதர் அவர்தான்.

நம் பக்கத்துக் கடலும் அந்த ரகசியக் கணக்கில் உண்டு. ஒடெசாவிலிருந்து சூயஸ் வழியாகத் தெற்கே போகும் கப்பல்கள், 1966 நவம்பரில் அரபிக்கடலில் ஓமன், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியக் கரைகளுக்கு அப்பால் சுமார் 240 கூன்முதுகுகளைக் கொன்றன. தாய்க்கப்பல்கள் அந்தப் பகுதியில் அவற்றைத் தொடவே கூடாது என்பது விதி. உலகின் மற்ற கூன்முதுகுகள் எல்லாம் துருவத்துக்குப் போய் இரைதேடித் திரும்புபவை. அரபிக்கடல் கூட்டம் மட்டும் எங்கும் போகாது, ஆண்டு முழுக்க இங்கேயே இருப்பது. ஓமன் பக்கம் செய்த கணக்கெடுப்பு நூறுக்கும் குறைவு என்றது. 1979இல் சீஷெல்ஸ் முன்மொழிந்து இந்தியப் பெருங்கடல் முழுவதும் சரணாலயமாக்கப்பட்டபோது, அந்த 240ஐப் பற்றி ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கிரீன்பீஸ் இந்தக் கதைக்குள் நுழையும் விதம் வேடிக்கையானது. பசிபிக் எவ்வளவு பெரியது! அதில் சோவியத் கப்பல்களை எங்கே போய்த் தேடுவது? பால் ஸ்பாங் என்ற விஞ்ஞானி நார்வேயின் சாண்டெஃப்யோர்ட் ஊரில் இருந்த சர்வதேசத் திமிங்கலப் புள்ளிவிவர அலுவலகத்துக்குப் போனார். ஆய்வுக்காக என்று சொல்லி, முந்தைய ஆண்டுகளில் வேட்டைக் கப்பல்கள் எந்தத் தேதியில் எங்கே நின்றன என்று குறித்துக்கொண்டு வந்தார். ஒழுங்குமுறைக்காகச் சேகரித்த தரவு, ஒழுங்குமுறையை நம்பாதவர்களுக்கு வழிகாட்டியது. 1975 ஜூன் 27 அன்று கலிஃபோர்னியா கரைக்கு அப்பால், ‘ஃபிலிஸ் கோர்மக்’ என்ற பழைய மீன்பிடிக் கப்பலில் போனவர்கள் ‘தால்னி வஸ்தோக்’ தாய்க்கப்பலின் படகுகளைக் கண்டுபிடித்தார்கள். ராபர்ட் ஹண்டரும் பால் வாட்சனும் ஒரு ரப்பர் படகில் ஹார்ப்பூனுக்கும் திமிங்கலத்துக்கும் நடுவே போய் நின்றார்கள். நடுவில் மனிதர்கள் இருந்தால் சுடமாட்டார்கள் என்பது கணிப்பு. சுட்டார்கள். ஹார்ப்பூன் அவர்கள் தலைக்கு மேல் பறந்து திமிங்கலத்தில் பாய்ந்தது. இன்னொரு படகிலிருந்து அது படம்பிடிக்கப்பட்டது. அதே வாரம் லண்டனில் ஆணையம் கூடியிருந்தது.

அன்று அந்தத் திமிங்கலம் தப்பவில்லை. ஆனால் பிடிப்புக் கணக்குகளில் ஒரு கோடாக மட்டும் இருந்த விலங்கு, அமெரிக்கத் தொலைக்காட்சியில் ரத்தம் கக்கியது. ரோஜர் பெய்ன் 1970இல் கூன்முதுகுகளின் பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டிருந்தார். கேட்டவர்களின் கண்ணுக்கு இப்போது காட்சியும் கிடைத்தது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1982 ஜூலையில் பிரைட்டனில், வணிக வேட்டையை நிறுத்திவைக்கும் தீர்மானம் 25க்கு 7 என்ற வாக்கில் நிறைவேறியது. ஐந்து நாடுகள் வாக்களிக்கவில்லை. நான்கில் மூன்று பங்கு பெற, வேட்டையே ஆடாத நாடுகள் அதற்கு முன் வரிசையாக உறுப்பினராயின. இந்தியா 1981இல் சேர்ந்தது. இந்த வித்தையைப் பிறகு ஜப்பானும் கற்றுக்கொண்டது என்பது தனிக் கதை.

ஜப்பான் ஆட்சேபம் தெரிவித்தது. பிறகு ஏன் வாபஸ் வாங்கியது? மனசாட்சி அல்ல. அமெரிக்கச் சட்டப்படி, திமிங்கல விதியைக் குலைக்கும் நாட்டுக்கு அமெரிக்கக் கடலில் மீன்பிடி உரிமையை வெட்டலாம். அலாஸ்கா மீன் பெரிய வியாபாரம். அதற்காக ஜப்பான் இறங்கி வந்தது. 1988 வாக்கில் அமெரிக்கா அந்த மீன்பிடி உரிமையையும் இல்லாமல் ஆக்கிவிட்டது. ஜப்பானியர் இதை ஏமாற்று என்றால் நான் மறுக்க மாட்டேன். போரில் தோற்ற பஞ்ச காலத்தில், ஜப்பானியக் கப்பல்கள் மீண்டும் அண்டார்டிக் போகலாம் என்று 1946இல் அனுமதித்தது அமெரிக்க ஜெனரல் மெக்ஆர்தர்தான். 1947இல் ஜப்பானியர் உண்ட விலங்குப் புரதத்தில் கிட்டத்தட்டப் பாதி திமிங்கலம். பள்ளிச் சத்துணவில் அதைத் தின்று வளர்ந்த தலைமுறையிடம் ‘இது காட்டுமிராண்டித்தனம்’ என்று எண்ணெய்க்காக அதே இனத்தை அழித்த நாடுகள் சொன்னபோது எப்படி ஒலித்திருக்கும்!

ஆனால் அதற்கு ஜப்பான் கண்டுபிடித்த பதில் நேர்மையானது அல்ல. உடன்படிக்கையின் எட்டாம் பிரிவு, ஆய்வுக்காகக் கொல்ல ஒரு நாடு தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொள்ளலாம் என்கிறது. அண்டார்டிக்கில் ஆண்டுக்குச் சுமார் 850 மிங்கி, 50 ஃபின், 50 கூன்முதுகு என்று ‘ஆய்வு’த் திட்டம். ஆஸ்திரேலியா சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2014 மார்ச் 31 தீர்ப்பு, 12க்கு 4. கொல்வதே ஆய்வாகாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை, இந்தத் திட்டத்தின் எண்ணிக்கைகளுக்கு அதன் நோக்கங்களோடு பொருத்தமில்லை என்றது. சுமார் 3,600 மிங்கிகள் செத்தபின் ஜப்பான் காட்டிய, சக ஆய்வாளர்கள் சரிபார்த்த கட்டுரைகள் இரண்டு. அவை பயன்படுத்திய திமிங்கலங்கள் ஏழும் இரண்டும், ஆக ஒன்பது.

இனி வாட்சன். 1977இல் கிரீன்பீஸ் அவரை வெளியேற்றியது. சீல் வேட்டைக்காரர் ஒருவரின் தடியைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தது வன்முறை என்றார்கள். 1979இல் போர்ச்சுகல் கரைக்கு அப்பால் ‘சியேரா’ என்ற கப்பலைத் தன் கப்பலால் மோதினார். கொடியை மாற்றி மாற்றிக்கொண்டு, எந்த விதிக்கும் உட்படாமல் வேட்டையாடிய கப்பல் அது. பழுதுபார்த்துத் திரும்பி வந்தது, 1980இல் லிஸ்பன் துறைமுகத்தில் குண்டு வைத்து மூழ்கடிக்கப்பட்டது. 1986 நவம்பரில் ரெய்க்யவிக்கில் அவருடைய ‘சீ ஷெப்பர்ட்’ ஆட்கள் இரண்டு கப்பல்களின் வால்வைத் திறந்து மூழ்கடித்தார்கள். மூன்றாவதில் காவலாளி இருந்ததால் விட்டுவிட்டார்கள்.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. சியேராவின் மீது எந்த நீதிமன்றத்தின் கையும் எட்டவில்லை. ஐஸ்லாந்துக்குப் பாராளுமன்றம் இருந்தது, எதிர்க்கட்சி இருந்தது, ஆணையத்தில் இருக்கையும் இருந்தது. அங்கே வாதத்துக்கு இடம் இன்னும் மிச்சம் இருந்தது.

அண்டார்டிக்கில் சீ ஷெப்பர்ட் செய்ததை எண்களாலேயே பார்க்கலாம். 2011 பிப்ரவரியில் துரத்தல் தாங்காமல் ஜப்பானியக் கப்பல்கள் பாதியில் வீடு திரும்பின, மொத்தப் பிடிப்பு 172. 2012-13இல் 103. நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் ஒரு பருவம் பூஜ்யம், அடுத்து ஜப்பான் புதிய ‘ஆய்வு’த் திட்டம் எழுதி ஆண்டுக்கு 333 என்று மறுபடி போனது. ஆக, அந்தச் சில பருவங்களில் தீர்ப்பைவிடக் கப்பல்களே அதிகம் காப்பாற்றின. ஆனால் 2017இல் சீ ஷெப்பர்ட் இனி வரமாட்டோம் என்றது. ஜப்பான் செயற்கைக்கோள் வைத்து எங்களைக் கண்காணிக்கிறது, ஈடுகொடுக்க முடியாது என்று காரணம் சொன்னது.

2019 ஜூன் 30 அன்று ஜப்பான் ஆணையத்தைவிட்டே விலகியது. மறுநாள் வணிக வேட்டை தொடங்கியது, தன் கடல் எல்லைக்குள் மட்டும். அண்டார்டிக் கப்பல்கள் திரும்பி வந்தன. ஆய்வு என்ற நடிப்பும் நின்றது. 2024இல் ‘கங்கெய் மாரு’ என்ற புதிய தாய்க்கப்பல் கடலில் இறங்கியது. ஃபின் திமிங்கலமும் பட்டியலில் சேர்ந்தது. அந்தக் கப்பலை மறிக்கப் புறப்பட்ட வாட்சனை ஜூலை 21 அன்று கிரீன்லாந்தின் நூக் துறைமுகத்தில், ஜப்பானின் பழைய வழக்கு ஒன்றுக்காகக் கைது செய்தார்கள். அவருக்கு அப்போது 73 வயது. ஐந்து மாதம் உள்ளே வைத்திருந்து, டிசம்பர் 17 அன்று, ஜப்பானிடம் ஒப்படைக்காமல் டென்மார்க் விடுவித்தது. அதற்குள் கங்கெய் மாரு தன் முதல் பருவத்து ஃபின்களை அறுத்து முடித்திருந்தது.