தலையெழுத்தும் எழுத்துப் பிழையும்



தோட்டப்புறங்களில் ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்குப் புற்றுநோய் கண்டுவிட்டால், “அது அவர்கள் தலையெழுத்து” என்று பெரியவர்கள் பேச்சை முடித்துவிடுவதுண்டு. அந்த எழுத்தைப் படித்துப் பார்க்கத் துணிந்தவர்களின் வரலாற்றை இன்று காண்போம்.

1895ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆல்டிரெட் வார்தின் என்ற நோயியல் அறிஞர் பணியாற்றி வந்தார். தையல் தொழில் செய்து வந்த ஒரு பெண்மணி அவரிடம் தம் கவலையைச் சொன்னார். தம் குடும்பத்தில் பலரும் இரைப்பையிலோ, குடலிலோ, கருப்பையிலோ புற்றுக் கண்டு இறந்தார்கள் என்றும், தமக்கும் அதே முடிவுதான் என்றும் கூறினார். அப்போது அவர் நலமாகவே இருந்தார். ஆயினும், அஞ்சியபடியே பின்னர்க் கருப்பைப் புற்றுநோயால் இளவயதில் மறைந்தார்.

வார்தின் அந்தச் சொற்களை ஒதுக்கிவிடவில்லை. ஜெர்மனியிலிருந்து குடியேறிய அக்குடும்பத்தின் வம்சாவளியைத் திரட்டி, ‘ஜி குடும்பம்’ என்று பெயரிட்டு, 1913இல் வெளியிட்டார். புற்றுநோய் பரம்பரையாக வரக்கூடும் என்பதை அந்நாளில் பலர் ஏற்கவில்லை. பின்னர், ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவர் அதே குடும்பத்தைத் தேடிச் சென்று, 650க்கும் மேற்பட்ட உறவினர்களின் விவரங்களை 1971இல் வெளியிட்டார். இந்தப் பரம்பரை நோய்க்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது.

இதற்குக் காரணம் என்ன? வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். கரும்பலகையில் உள்ளதை மாணவன் ஏட்டில் எழுதும்போது பிழை விழும். ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துவார். நம் உயிரணுவும் பிரியும்போதெல்லாம், ஏறத்தாழ 600 கோடி எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ.வைப் படியெடுக்கிறது. அதில் விழும் பிழைகளைத் திருத்தவும் சில மரபணுக்கள் உள்ளன. இந்தத் திருத்த வேலையை விளக்கிய பால் மாட்ரிச், வேறு இருவருடன் 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார்.

தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ பழுதான திருத்த மரபணு ஒன்று வந்தால், மற்றொருவர் தந்த நல்ல மரபணு வேலையைச் செய்யும். ஏதேனும் ஓர் உயிரணுவில் அதுவும் கெட்டுவிட்டால் பிழைகள் குவியும், புற்று தோன்றலாம். ஜி குடும்பத்தில் பழுதாகியிருந்தது எம்.எஸ்.எச்.2 என்ற திருத்த மரபணு என்பது 2000ஆம் ஆண்டில் உறுதியாயிற்று.

இங்கேதான் ஒரு வியப்பு. அக்குடும்பத்தின் முந்திய தலைமுறைகளில் மிகுந்திருந்த இரைப்பைப் புற்று, பிந்திய தலைமுறைகளில் குறைந்தது. குடல் புற்று மிகுந்தது. மரபணு மாறவில்லை, வாழ்க்கை மாறியது. குளிர்சாதனப் பெட்டி வந்தபின் உப்பிட்டுப் பதப்படுத்திய உணவு குறைந்தது. இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் அமெரிக்காவில் அருகியது. இக்கிருமியை ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் 1982இல் வளர்த்துக் காட்டி, 2005இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஜப்பானில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட இரைப்பைப் புற்று நோயாளிகளை ஆராய்ந்த முடிவு 2023இல் வெளிவந்தது. டி.என்.ஏ. முறிவைச் சீராக்கும் மரபணுக்களில் பிறவிப் பழுதும், இந்தக் கிருமியும் சேர்ந்திருப்போரில், 85 வயதுக்குள் இரைப்பைப் புற்றுக்கு ஆளாகும் வாய்ப்பு 100க்கு ஏறத்தாழ 45. கிருமி மட்டும் இருந்து மரபணு பழுதில்லாதோருக்கு அது ஏறத்தாழ 14 மட்டுமே.

ஆகவே, நேயர்களே, பிறப்பில் வந்த பழுதை நாம் மாற்ற இயலாது. கிருமியை மருந்தால் ஒழிக்கலாம். உங்கள் குடும்பத்தில் யார் யாருக்கு, எந்த வயதில், எந்தப் புற்றுநோய் வந்தது என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு தையற்காரப் பெண்மணி வாய்திறந்து சொன்னதால்தான் இந்த அறிவு நமக்குக் கிடைத்தது.