கடக்வாஸ்லா கல்லணை

புணே நகரில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குக் கடக்வாஸ்லா ஏரிக்கரை அயலிடமன்று. மழைக்காலத்து ஞாயிறுகளில் கட்டுச்சோறும் குழந்தைகளுமாக அங்கே சென்று, சுட்ட சோளக்கதிர் தின்று, நீர்ப்பரப்பைக் கண்டு களிக்கிறோம். நம்மை மகிழ்விக்கும் அவ்வணையின் வரலாற்றை அறிவது நம் கடமையன்றோ?

முட்டா ஆற்றின் குறுக்கே 1869-ஆம் ஆண்டில் தொடங்கிய பணி, அடுத்த பத்தாண்டுகளில் உருப்பெற்றது. நகருக்குக் குடிநீரும் வறண்ட நிலங்களுக்குப் பாசன நீரும் தருவதே நோக்கம். பணியை வகுத்த பொறியாளர் ஃபைஃப் என்பாரின் பெயராலேயே ஏரி அந்நாளில் வழங்கிற்று.

கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய அணை, தன் எடையாலேயே நீரின் தள்ளுதலைத் தாங்கி நிற்பது. ஆனால் அடியில் கசிந்து புகும் நீர், அணையை மேல்நோக்கித் தூக்கவும் முயலும். 1895-இல் பிரான்சு நாட்டுப் பூசே அணை உடைந்த பின்னரே பொறியியல் உலகம் இவ்வுண்மையைத் தெளிவாக உணர்ந்தது. கடக்வாஸ்லாவோ அதற்கு முன்னரே எழுந்துவிட்டது.

1961 ஜூலை 12 அன்று பேரிடர் வந்தது. மேலே ஆம்பி ஆற்றில், வேலை முற்றுப்பெறாதிருந்த பான்ஷேத் மண்ணணை காலையில் உடைந்தது. அவ்வெள்ளம் கடக்வாஸ்லாவின் தலைமேலேறிப் பாய, எண்பதாண்டு நின்ற கல்லணையும் பிளந்தது. ஆற்றங்கரைப் பேட்டைகள் நீரில் மூழ்கின; பாலங்கள் மறைந்தன; வீடிழந்தோர் பல்லாயிரவர். ஏரி வடிந்தமையால், வெள்ளத்தில் தத்தளித்த நகரமே பின்னர் குடிநீருக்குத் தவித்தது! உடைந்த பகுதி பிறகு மீண்டும் கட்டப்பெற்றது.

இதனால் நாம் பெறும் பாடம் யாது? ஓர் அணையின் நலம் மேலுள்ள அணைகளின் நலத்தையும் பொறுத்தது. கல் நெடுங்காலம் நிற்கும். சாந்திலுள்ள சுண்ணாம்போ சிறிது சிறிதாகக் கரையும். ஆகவே கசிவை அளக்க வேண்டும். இடுக்குகளில் சிமெண்டுப் பால் செலுத்த வேண்டும். வடிகால் துளைகள் அடையாமல் காக்க வேண்டும். மதகுக் கதவுகள் தடையின்றி இயங்க வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் அணையைச் சோதித்தல் வேண்டுமென 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் விதித்துள்ளது.

இவை அரசின் பணிகள். நம் பணியும் ஒன்றுண்டு. மதகு திறக்கும் சங்கு ஊதியதும் ஆற்றுப்படுகையை விட்டு உடனே கரையேறுவோம். நம் மக்களுக்கும் அதனைப் பழக்குவோம். 1961-ஐக் கண்ட முதியோர் அருகில் இருப்பின், அவர்தம் நினைவுகளைக் கேட்டறிவோம். இந்நகரின் நீரை உண்டு வாழும் நாம், இந்நகரின் துயரையும் நம் துயராக அறிதல் வேண்டும்.